கறைக்கு அடியில் ஒரு கீற்று

கொழுந்து பறிக்கும் கைக்கென்று ஒரு நிறம் இருக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தளிரைக் கிள்ளும் இடத்தில் ஆண்டுக்கணக்காகச் சாறு ஏறி ஏறி, கறுப்பென்றும் சொல்ல முடியாத, பழுப்பென்றும் சொல்ல முடியாத ஒரு கறை. இலங்கை மலையகத்தின் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், ஹைபொரஸ்டிலோ ஹல்கிரனோயாவிலோ, மாலை நிறுவைக்குக் கூடையை இறக்கி வைக்கும் பெண்களின் கைகளைக் கிட்ட நின்று பார்த்தால் அது தெரியும். சவர்க்காரம் போட்டாலும் எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. நகத்தைச் சுற்றி வெடிப்பு. கவ்வாத்து வெட்டிய கிளை கீறிய கோடுகள். நகத்துக்கு அடியில் எப்போதோ ஏறிய சிராய்.

இருதய வால்வில் கிருமி குடியேறினால், அதன் தடயங்கள் சில இதே இடத்தில்தான் வெளிப்படும். வால்வில் ஒட்டியிருக்கும் கிருமித் திரளிலிருந்து துணுக்குகள் பிய்ந்து இரத்தத்தோடு ஓடும். நகத்துக்கு அடியில் மெல்லிய செங்கறுப்புக் கீற்றுகள் நெடுக்காகத் தோன்றும். விரல் நுனிச் சதையில் பட்டாணி அளவில், தொட்டால் வலிக்கும் முடிச்சுகள் வரும். உள்ளங்கையில் வலியே இல்லாத சிவந்த புள்ளிகள் விழும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் அங்கே ஊசிமுனை அளவு இரத்தப் புள்ளிகள் இருக்கலாம். எல்லாருக்கும் எல்லாம் வருவதில்லை. பலருக்கு ஒன்றும் வருவதில்லை. வந்தாலும், உடலுழைப்பாளியின் நகத்தில் இருக்கும் கீற்றைக் காயத்தின் கீற்று என்று எண்ணிவிடுவது எளிது. நகநுனியை ஒட்டி இருப்பது பெரும்பாலும் அடிபட்டதால் வருவது, நகத்தின் வேரை ஒட்டி இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று வைத்திய மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இதற்குக் காட்டப்படும் படங்களில் இருப்பவையோ பெரும்பாலும் வெள்ளைத் தோலும் சுத்தமான நகங்களும். தேயிலைக் கறைக்கு அடியில் இந்தக் கீற்றைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று எந்தப் படமும் சொல்லித் தருவதில்லை.

விரல் நுனி முடிச்சுகளுக்குப் பெயர் தந்தவர் வில்லியம் ஒஸ்லர். கனடாவில் பிறந்த அந்த வைத்தியர் 1885இல் லண்டனில் இந்த நோயைப் பற்றி மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். எண்டோகார்டைட்டிஸ் என்று இன்று வைத்தியர்கள் அழைக்கும் நோயைக் கட்டிலருகே நின்று இனங்காணக் கற்றுக்கொடுத்தவை அவை. இனங்கண்டாலும் அந்நாளில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலரின் வால்வில் கோளாறு இருப்பது 1907இலேயே தெரிந்திருந்தது. 1911 பெப்ரவரியில் நியூயோர்க்கில் அவருக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. இமானுவல் லிப்மன் என்ற வைத்தியர் அவருடைய இரத்தத்தை எடுத்து வளர்க்கச் செய்தார். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் வளர்ந்தது. நோய் இன்னதென்று ஐயமில்லாமல் தெரிந்தது. மே 18ஆம் திகதி வியன்னாவில் மாலர் இறந்தார், வயது 50. பென்சிலின் வர இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன.

இன்று பென்சிலின் இருக்கிறது, அதைவிட வலுவான மருந்துகளும் இருக்கின்றன. ஆனாலும் இந்த நோய் வந்து வைத்தியசாலையில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கேயே இறந்துபோகிறார். வால்வின் இதழ்களுக்குச் சொந்த இரத்தக்குழாய்கள் அனேகமாகக் கிடையாது என்பது இதற்கு ஒரு காரணம். கிருமிகள் அங்கே ஒட்டிக்கொண்டு, இரத்தத் தட்டுகளையும் ஃபைப்ரின் என்ற உறைநாரையும் மேலே போர்த்திக்கொண்டு வளரும்போது, உடலின் காவல் அணுக்கள் அந்தத் திரளுக்குள் நுழைவது கடினம். மருந்தும் மெதுவாகத்தான் ஊறும். அதனால்தான் நான்கு முதல் ஆறு வாரம் வரை நாளத்தின் வழியே மருந்து ஏற்ற வேண்டியிருக்கிறது. எந்த மருந்து என்பதை எந்தக் கிருமி என்பதுதான் தீர்மானிக்கிறது. கிருமியின் பெயர் தெரியாவிட்டால் வைத்தியம் ஊகத்தில் நடக்கிறது.

நல்ல வால்வில் கிருமி எளிதில் ஒட்டாது. முன்பே தழும்பேறிய வால்வுதான் அதற்கு வசதியான இடம். மலையகத்தில் அந்தத் தழும்பு எங்கிருந்து வருகிறது என்று தேடினால், லயக்காம்பராவில் போய் நிற்க வேண்டியிருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, முன்னால் ஓர் இஸ்தோப்பு, உள்ளே இரண்டு மூன்று தலைமுறை. குளிரும் மூடுபனியும் உள்ள ஊரில் கதவை அடைத்துக்கொண்டுதான் படுக்க முடியும். ஒரு பிள்ளைக்குத் தொண்டைப்புண் வந்தால் மற்றப் பிள்ளைகளுக்கும் வரும். அந்தப் புண்ணை உண்டாக்கும் ஏ வகை ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடல், சிலரிடம் இரண்டு மூன்று வாரத்தில் ஆள் மாறித் தன் வால்வையே தாக்கும். அதுதான் வாதக் காய்ச்சல். முழங்கால் வீங்கும், வலி மூட்டுக்கு மூட்டு மாறும், பிறகு எல்லாம் அடங்கிப்போகும். வால்வில் விழுந்த தழும்பு மட்டும் இருக்கும். அந்தப் பிள்ளை வளர்ந்து, தோட்டத்தில் பேர் போட்டு நாட்கூலிக்கு வேலை செய்யும் வயதுக்கு வந்து மலை ஏறும்போது மூச்சு வாங்கும். சில பெண்களுக்கு முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதுதான் இருதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று கிளினிக்கில் சொல்வார்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி இந்தத் தழும்பு மேலும் மோசமாகாமல் காக்கும். அதை ஆண்டுக்கணக்கில் தவறாமல் போட வேண்டும். ஊசிக்குப் போகும் நாள் ஒவ்வொன்றும் பேர் விழாத, கூலியில்லாத நாள் என்பதை மறந்துவிட்டு, கிளினிக்குக்கு வரத் தவறியவர்களைக் கடிந்துகொள்வது நியாயமில்லை. உலக சுகாதாரப் பேரவை வாதக் காய்ச்சலுக்கென்று தனித் தீர்மானம் நிறைவேற்றியது 2018இல்தான். வறுமையின் நோய் ஒன்று உலகின் மேசைக்கு வர அத்தனை காலம் பிடித்திருக்கிறது.

வால்வில் குடியேறும் வழக்கமான கிருமிகள் என்று வைத்தியர்கள் சொல்பவை சிலவே. வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ், தோலில் வாழும் ஸ்டஃபைலோகொக்கஸ், குடலில் வாழும் எண்டரோகொக்கஸ். நோயாளியின் இரத்தத்தை ஊற்றி வளர்க்கும் புட்டியில் இவை ஓரிரு நாளில் வளர்ந்து தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். இவற்றுக்கு அப்பால் இருப்பவைதான் சிக்கல் தருகின்றன. அவற்றில் சில, வளர்வதற்கே சிணுங்குபவை. ஆபியோட்ரோஃபியா என்ற வாய்க்கிருமிக்கு வைட்டமின் பி6 வேண்டும். சாதாரண ஆய்வுத் தட்டில் அது வளராது. பக்கத்தில் ஸ்டஃபைலோகொக்கஸ் இருந்தால், அது கசியவிடும் சத்தைக் குடித்து அதைச் சுற்றி மட்டும் சின்னப் பொட்டுகளாக முளைக்கும். 1964இல் இருதயத்தின் பெயரையே சூட்டி கார்டியோபாக்டீரியம் என்று ஒரு கிருமிக்குப் பெயரிட்டார்கள். அதுவும் அதன் கூட்டாளிகளும் மெதுவாக வளர்பவை. முன்பெல்லாம் புட்டியை இரண்டு மூன்று வாரம் வைத்திருந்து பார்ப்பார்கள். இன்றைய தானியங்கிக் கருவிகளில் பெரும்பாலும் ஐந்து நாளுக்குள் தெரிந்துவிடுகிறது. எரிசிபெலோத்ரிக்ஸ் என்று இன்னொன்று. மீன், பன்றி இறைச்சி வெட்டுபவர்களின் கைக்கீறல் வழியே ஏறி மகாதமனி வால்வை அரிப்பது. கிருமி தெரியாத நிலையில் முதலில் ஏற்றப்படும் வான்கோமைசின் என்ற மருந்து இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. நோயாளி என்ன தொழில் செய்கிறார் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் மருந்து வேறாக இருந்திருக்கும்.

புட்டியில் வளரவே வளராதவை இன்னொரு வகை. 1935இல் பிரிஸ்பேன் நகரத்து இறைச்சிக் கூடத் தொழிலாளர்களுக்குப் பெயரில்லாத ஒரு காய்ச்சல் வந்தது. எட்வர்ட் டெரிக் என்ற வைத்தியர் அதை ஆராய்ந்து, காரணம் தெரியாததால் கேள்விக்குறி வைத்தது போல 'கியூ காய்ச்சல்' என்று எழுதிவைத்தார். கோக்சியெல்லா என்ற கிருமி அதற்குக் காரணம் என்பது பிறகு தெரிந்தது. ஆடு மாடு குட்டி போடும்போது, கன்று ஈனும்போது, நஞ்சுக்கொடியோடு அது கோடிக்கணக்கில் வெளியேறும். காய்ந்து தூசியோடு கலந்து மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். காற்றில் வந்தாலே போதும். காய்ச்சல் வந்ததே தெரியாமல் சிலருக்குக் கடந்துபோகும். ஆனால் வால்வில் ஏற்கெனவே தழும்பிருந்தால், மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ அங்கே குடியேறும். இருதய ஸ்கேனில் கிருமித் திரள் மிகச் சிறிதாகத் தெரியும், சிலரிடம் தெரியாமலே போகும். இரத்தப் புட்டியும் வெறுமையாகவே இருக்கும். எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் சோதனையில்தான் அது பிடிபடும். வைத்தியம் குறைந்தது பதினெட்டு மாதம்: டொக்சிசைக்கிளினும் ஹைட்ரொக்சிகுளோரோகுயினும் சேர்த்து. கிருமி ஒளிந்திருக்கும் அணுவுக்குள் அமிலத்தைக் குறைத்து முதல் மருந்தை வேலை செய்யவைப்பது இரண்டாவதன் பணி.

முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்களை வதைத்த பதுங்குகுழிக் காய்ச்சல், உடற்பேன் பரப்பிய, இதேபோல் புட்டியில் எளிதில் வளராத பார்ட்டோனெல்லா குயின்டானா கிருமியால் வந்தது. எழுத்தாளர் டோல்கியன் 1916இல் அந்தக் காய்ச்சலோடுதான் போர்முனையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். போர் முடிந்ததும் மறக்கப்பட்ட அந்தக் கிருமி, 1995இல் பிரான்சிலிருந்து வந்த ஒரு மருத்துவக் கட்டுரையில் மறுபடி தலைகாட்டியது. வீடில்லாமல் தெருவில் வாழ்ந்த மூன்று ஆண்களின் இருதய வால்வுகளில் அது இருந்தது. போரில்லை, பதுங்குகுழியுமில்லை. துணி மாற்றவும் குளிக்கவும் இடமில்லாத வாழ்க்கை இருந்தது, அது போதுமாயிருந்தது. மார்செய் நகர ஆய்வுக்கூடம் 2010இல் வெளியிட்ட பெரிய ஆய்வொன்றில், புட்டியில் ஒன்றும் வளராத எழுநூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளை விடாமல் துருவிப் பார்த்தபோது கோக்சியெல்லா முதலாவதாகவும் பார்ட்டோனெல்லா அடுத்ததாகவும் நின்றன. துருவியவர்களுக்குக் கிடைத்தது.

இலங்கையில் துருவியவர்கள் இல்லையா? இருந்தார்கள், ஆனால் அந்தக் கதை இலங்கைக்கு வெளியே தொடங்குகிறது. ரங்கூன் பொது வைத்தியசாலையில் 1911இல் அல்ஃப்ரெட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனைகளில் ஒரு புதிய கிருமியைக் கண்டார்கள். நுரையீரலிலும் ஈரலிலும் சீழ்க்கட்டி, இறந்தவர்கள் பெரும்பாலும் அநாதரவான ஏழைகள், மோர்ஃபின் ஊசிக்கு அடிமையானவர்கள். மெலியோய்டோசிஸ் என்று பிறகு பெயர் பெற்ற அந்த நோய், இலங்கையில் முதன்முதலாகப் பதிவானது 1927இல். டெனி, நிக்கல்ஸ் என்ற இருவர் அதை எழுதினார்கள். நோயாளி ஓர் ஐரோப்பியர், தேயிலைத் தரகர்.

அந்தக் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. வெறுங்காலோடு மண்ணில் இறங்குகிறவரைத்தான் அது அதிகம் தேடிப்போகும். ஆனால் ஏட்டில் முதலில் ஏறியது தேயிலையை மேசையில் வைத்து விலைபேசிய ஒருவரின் நோய். தேயிலையை மண்ணில் நின்று வளர்த்தவர்களில் எவருக்கும் அது வரவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. அவர்களுடைய சீழை எடுத்து வளர்த்துப் பார்க்க அன்று ஆளில்லை. அதன்பின் பல பத்தாண்டுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் இந்த நோய் இலங்கையில் பதிவானது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் எனோகா கொரியாவும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வசந்தி தேவநேசமும் கூட்டாளிகளும் நாடு முழுதுமுள்ள ஆய்வுகூடங்களிலிருந்து சந்தேகமான கிருமிகளைச் சேகரித்துச் சோதித்து 2016இல் எழுதியபோதுதான், அது தீவெங்கும் பரவிக் கிடப்பது தெரியவந்தது. அதுவரை பல இடங்களில் அது வெளியிலிருந்து வந்து விழுந்த கலப்படக் கிருமி என்று ஒதுக்கப்பட்டிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. உலகெங்கும் இந்தக் கிருமிக்கு நேர்ந்தது அதுதான். இது வால்வில் குடியேறுவது மிக அரிது, ஆனால் பதிவாகியிருக்கிறது.

மலைநாட்டுக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் ஒன்றும் உண்டு. பேராதனை வைத்தியர் சேனாநாயக்க குலரத்னவும் சகாக்களும் 2003இல் மத்திய மாகாண மலைப்பகுதிக் காய்ச்சல்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உண்ணியும் பூச்சியும் பரப்பும் ரிக்கெட்சியாக் காய்ச்சல்கள் இம்மலைகளில் சாதாரணமாக உலவுகின்றன என்று அது காட்டியது. கோக்சியெல்லாவையும் ஒரு காலத்தில் இதே குடும்பத்தில்தான் சேர்த்து வைத்திருந்தார்கள். தேடுவதற்கு முன்பு இந்தக் காய்ச்சல்கள் இல்லாமலா இருந்தன? வேறு பெயரில் இருந்தன, அல்லது பெயரே இல்லாமல் வந்து போயின. அரிய கிருமி என்ற கணக்கை நம்புவதற்கு முன், யாருடைய இரத்தத்தை எண்ணி அந்தக் கணக்கு எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும்.

தோட்டத்தில் ஒரு காய்ச்சல் நடக்கும் பாதையைப் பார்த்தால் ஏன் இப்படிக் கேட்க வேண்டும் என்பது விளங்கும். முதல் நாள் பனடோல். மூன்றாம் நாளும் விடாவிட்டால் தோட்டத்து டிஸ்பென்சரி, அல்லது கடைத்தெருவில் மருந்தெடுப்பது. ஐந்து நாளைக்கு அமொக்சிசிலின். காய்ச்சல் இறங்கும். காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்குப் போவார், அரைநாள் கூலியான அரைப்பேராவது விழட்டும் என்று. ஒரு வாரம், பத்து நாள் கழித்து மாலையில் குளிர் எடுக்கும், இரவில் வியர்க்கும், சோறு இறங்காது. மறுபடி மருந்து, மறுபடி இறக்கம். அமொக்சிசிலின் இரத்தத்தில் திரியும் கிருமியைக் கொல்கிறது, வால்வில் போர்வைக்குள் இருப்பதைக் கொல்வதில்லை. ஒரு மாதமாகி முகம் வெளுத்து, கால் வீங்கி, இராகலை வழியாக நுவரெலியாவுக்கு வந்து சேரும்போது இரத்தப் புட்டியில் ஒன்றும் வளராது. ஏற்கெனவே விழுங்கிய மாத்திரை இரத்தத்தில் திரிந்த கிருமியை அழித்துவிட்டிருக்கும். உலகெங்கும் புட்டி வெறுமையாக இருப்பதற்கு முதற் காரணம் இதுதான், அரிய கிருமி இரண்டாவது காரணம். இந்த இரண்டும் ஒரே நோயாளியிடம் சேர்ந்துவிட்டால் பிரித்தறிவது பெரும்பாடு. வெளுத்த முகமும் சந்தேகத்தைக் கிளப்பாது. தோட்டத்துப் பெண்களில் இரத்தசோகை அவ்வளவு சாதாரணம்.

உடப்புசல்லாவையின் பெயரில் முன்பு ஒரு ரயில் பாதையே இருந்தது. நானுஓயாவில் தொடங்கி நுவரெலியா வழியாக இராகலை வரை ஏறிய குறும்பாதை. 1903, 1904 வாக்கில் திறந்து 1948 வரை ஓடியது. தேயிலைப் பெட்டியை இறக்குவதற்கு மலைச்சரிவில் தண்டவாளம் போட முடிந்தது. இரத்தப் புட்டி ஒன்றை அந்தத் தோட்டங்களிலிருந்து அதே நாளில் ஒரு நல்ல ஆய்வுகூடத்துக்குச் சேர்க்க அதில் நூறில் ஒரு பங்கு முயற்சி போதும்.

அவசியமானவை பெரிய விஷயங்களும் இல்லை. மருந்து தொடங்குவதற்கு முன், வெவ்வேறு இடத்தில் குத்தி மூன்று முறை இரத்தம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு புட்டிக்கும் எட்டு முதல் பத்து மில்லிலீட்டர். ஆள் ஆபத்தான நிலையில் இருந்தால் இரத்தத்தை விரைவாக எடுத்துவிட்டு உடனே மருந்தைத் தொடங்க வேண்டும். நிலை சீராக இருப்பவருக்கு ஓரிரு நாள் பொறுத்துப் பார்ப்பதில் குற்றமில்லை. புட்டி வெறுமையாக வந்தால், கோக்சியெல்லாவுக்கும் பார்ட்டோனெல்லாவுக்கும் எதிர்ப்புப் புரதச் சோதனை செய்ய வேண்டும். வால்வை அறுத்து மாற்ற நேர்ந்தால் அந்தத் துண்டை வீசிவிடாமல் மரபணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். 2023இல் திருத்தப்பட்ட சர்வதேச நெறிமுறை இந்தச் சோதனைகளையும் புட்டியில் வளர்ந்த கிருமிக்கு நிகரான சான்றாக ஏற்றுக்கொள்கிறது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் சில கேள்விகள். அவற்றுக்கு ஆய்வுகூடம் தேவையில்லை, நோயாளியின் மொழி தேவை. வீட்டுப் பக்கம் ஆடு குட்டி போட்டதா, மாடு கன்று ஈன்றதா, நீங்கள்தான் கொட்டிலைக் கூட்டினீர்களா? பூனை கீறியதா? தலையில், துணியில் பேன் இருந்ததா? பல் வலித்துக்கொண்டிருந்ததா, பிடுங்கினார்களா? சின்ன வயதில் மூட்டு வீங்கியதா, மாதாமாதம் ஊசி போட்டார்களா, எப்போது நிறுத்தினீர்கள்? லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டில் இருக்கும் வாழ்க்கையில் இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு கிருமியைக் கூட்டவோ கழிக்கவோ செய்யும். தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு தாய், தமிழ் தெரியாத வைத்தியரிடம் அவசரத்தில் சொல்லக்கூடியது "காய்ச்சல்" என்ற ஒரு சொல்லைத்தான். மற்றதெல்லாம் அவர் வாயிலேயே நின்றுவிடும். அவர் கையிலுள்ள டயக்னோசிஸ் கார்டோ ஆங்கிலத்தில் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. மலையக வைத்தியசாலைகளில் தமிழில் பேசும் ஆளை ஒவ்வொரு வாட்டிலும் அமர்த்துவதை நல்லிணக்கச் சடங்காகப் பார்க்கும் பழக்கம் மாற வேண்டும். இது நோயறியும் கருவி, ஸ்கேன் இயந்திரத்துக்குக் கொஞ்சமும் குறையாதது.

மலையகத்தில் ஆசிரியராகவோ, தோட்ட உத்தியோகத்தராகவோ, தாதியாகவோ, பிள்ளைக்காம்பராவில் பணிபுரிபவராகவோ இருந்து இதை வாசிக்கிறவர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. உங்கள் லயத்தில், உங்கள் டிவிஷனில் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறவர்கள், வால்வில் கோளாறு என்று கிளினிக் கொப்பி வைத்திருக்கிறவர்கள், வால்வு மாற்றிக்கொண்டவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டினாலோ, மாத்திரைக்கு விட்டு மறுபடி வந்தாலோ, கடையில் இன்னொரு மருந்து வாங்க விடாதீர்கள். அந்தக் கொப்பியையும் அதுவரை விழுங்கிய மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துக்கொண்டு அவரோடு நுவரெலியாவுக்குப் போங்கள். புதிய அன்டிபயோட்டிக் எழுதுவதற்கு முன், இரத்தம் எடுத்து வளர்த்துப் பார்ப்பீர்களா என்று வைத்தியரிடம் நீங்களே கேளுங்கள்.